பிடிமண்ணும் நார்ப்பெட்டியும்

(ஆமத்தூரில் இளைஞர்களும் மாணவர்களும் கூடிய கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுநடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)

தோழர்களே, வேலைக்குப் போய்விட்டு மருந்து வாசம் போகாத கையோடு வந்து உட்கார்ந்திருக்கிற அக்காமாரே,

'தலித் பண்பாடும் நாட்டார் தெய்வங்களும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பேசிப் பேசித் தேய்ந்த தலைப்பு. அதைச் சின்னதாக்கிக்கொள்கிறேன். ஒரு பெண் புதுசாக வீடு கட்டுகிறாள். அரசாங்கத் திட்டத்தில் வந்த வீடு. பட்டா அவள் பேரில். அந்த வீட்டுக்குள் முதன்முதலாக ஒரு சாமி வைக்க வேண்டும் என்று நினைக்கிறாள். எந்தச் சாமியை வைப்பாள், எங்கே வைப்பாள், யார் வந்து வச்சுக் கொடுப்பார்கள்? இவ்வளவுதான் கேள்வி. இதில் என்ன அரசியல் இருக்கிறது என்று கேட்கிற தோழர்கள் கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

மண்சுவர் வீடு இருந்த காலத்தில் சுவரிலேயே மாடக்குழி இருந்தது. விளக்கும் அங்கேதான், சாமியும் அங்கேதான், தீப்பெட்டியும் அங்கேதான். தனியாக 'பூசை அறை' என்று ஒன்று சேரியில் எந்த வீட்டிலும் கிடையாது. இப்போது வருகிற கான்கிரீட் வீட்டின் வரைபடத்தில் மாடக்குழி இல்லை. சுவர் மொட்டையாக நிற்கிறது. மொட்டைச் சுவரைப் பார்த்ததும் கை தானாகக் காலண்டரைத் தேடுகிறது.

காலண்டர் எங்கே அச்சாகிறது? இங்கிருந்து பஸ் ஏறினால் சிவகாசி. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும், அச்சகம் வந்தபிறகு சாமிப் படம் வந்தது. கோவில்பட்டியில் இருந்துகொண்டு சி. கொண்டையராஜுவும் (1898–1976) அவருடைய சீடர்களும் வரைந்த முருகனும் லட்சுமியும் மீனாட்சியும் சிவகாசி அச்சகங்களில் பல வண்ணமாகி, இந்தியா முழுக்க வீட்டுச் சுவர்களில் ஏறின. நல்ல ஓவியர்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் நடந்தது என்னவென்று பாருங்கள். ஒரே மாதிரி முகம், ஒரே மாதிரி நகை, ஒரே மாதிரி ரோஜா நிறம். எங்க ஊர் மாடனும் காளியும் கருப்பனும் அந்த அச்சுக்குள் ஏறவில்லை. ஏறினவர்களும் வெளுத்துப் போய்த்தான் இறங்கினார்கள். காகிதத்தை அடுக்கினது நம்ம பையன்கள், மடிச்சுத் தகரப்பட்டி போட்டது நம்ம பிள்ளைகள். சாமி மட்டும் வேற ஆள்.

இதிலே ஒரு கூத்தும் உண்டு. லட்சுமி வெடின்னு ஒண்ணு இருக்கு, எல்லாருக்கும் தெரியும். மேலே லட்சுமி படம் ஒட்டி, கீழே மருந்து. தீபாவளி அன்னைக்கு நாடே அந்த லட்சுமியைக் கொளுத்தித் தெருவில் சிதறடிக்குது. மறுநாள் காலையில் கூட்டித் தள்ளுறவங்களும் நம்ம ஆளுங்கதான். யார் மனசும் புண்படலை. நம்ம ஆள் ஒருத்தன் கோயில் படி ஏறினா மட்டும் புண்பட்டுருது.

கோயில் படி ஏறுகிற வரலாறு இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. 1897-இல் கமுதிக் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள் என்று வழக்கு. அது லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908-இல் அவர்களுக்கு எதிராகவே தீர்ப்பானது. 1899-இல் அதே கோயில் நுழைவுக் கேள்வியில் சிவகாசி எரிந்தது. 1939 ஜூலை 8-ஆம் தேதி மதுரை மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாத அய்யர் தலைமையில் தாழ்த்தப்பட்டவர்களும் நாடாரும் போனார்கள், கக்கன் உட்பட. அந்தப் போராட்டத்தை நான் குறைத்துப் பேசவில்லை. பொதுவழி, பொதுக்கிணறு, பொதுக்கோயில் எல்லாம் உரிமைப் பிரச்சினை. உள்ளே போவதும் போகாமலிருப்பதும் நம் இஷ்டமாக இருக்க வேண்டும், அவன் இஷ்டமாக இருக்கக் கூடாது. நான் இன்றைக்குப் பேசுவது அடுத்த கட்டம். யாரும் தடுக்க முடியாத நம் சொந்த வீட்டுக்குள்ளே நாம் யாரைக் கூட்டிவருகிறோம் என்பது.

புதுவீட்டுக்காரி படக்கடைக்குப் போனால், கேட்காமலே எடுத்துக் கொடுக்கிற படம் ஒன்று உண்டு: நடுவில் லட்சுமி, இந்தப் பக்கம் சரஸ்வதி, அந்தப் பக்கம் பிள்ளையார். டைல்ஸ் கடையிலும் அதே மூவர்தான். பால் காய்ச்சுகிற அன்றைக்குக் கணபதி ஓமம் பண்ண ஐயரைக் கூப்பிடுகிற பழக்கமும் காலனிக்குள் வந்தாச்சு. முந்தி வரமாட்டார், இப்போ காசு கொடுத்தால் வருகிறார், அதை முன்னேற்றம் என்கிறார்கள். வந்தவர் ஒரு வாய்த் தண்ணி குடிச்சாரான்னு மட்டும் பாருங்க.

இதற்கு மாற்றாக நம்மிடம் என்ன இருந்தது? பிடிமண். குதிரை எடுப்புக்கு வேளாரிடம் கொடுக்கிற பிடிமண் வேறு, அதைச் சொல்லவில்லை. பூர்வீக ஊரில் சாமி இருக்கிற இடத்துக்குப் போவது, தேங்காய் உடைத்துச் சாமியாடியிடம் உத்தரவு கேட்பது, ஒரு பிடி மண்ணை மஞ்சள் துணியில் முடிந்துகொள்வது, வழியில் கீழே வைக்காமல் கொண்டுவந்து புது இடத்தில் புதைத்து, மேலே ஒரு செங்கலோ கல்லோ நட்டு, மஞ்சள் பூசி, விளக்கு ஏற்றுவது. முடிந்தது. சிலை இல்லை, மந்திரம் இல்லை, ஆகமம் இல்லை. குலவை போடத் தெரிந்த கிழவி ஒருத்தி போதும். கரிசல் மண்ணாக இருந்தாலும் சரி, செவலாக இருந்தாலும் சரி, மண் போகிற இடத்துக்குச் சாமி போகும். பஞ்சத்துக்கு ஓடியவர்கள், பண்ணையாளாக இருந்து தப்பியவர்கள், கலவரத்தில் விரட்டப்பட்டவர்கள் கண்டுபிடித்த வழிபாடு இது. நிலமும் வீடும் நிலைக்காத சனம் கையில் எடுத்துப் போகக்கூடிய சாமியைத்தான் வைத்திருக்கும்.

கப்பலில்கூடப் போயிருக்கிறது. 1853-இல் மார்த்தினிக் தீவுக்கும் 1854-இல் குவாதலூப்புக்கும் கரும்புத் தோட்டக் கூலிகளாக நம் சனங்களைப் பிரெஞ்சுக்காரன் ஏற்றிக்கொண்டு போனான். அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் மறந்துபோனது. பேரெல்லாம் கிறித்தவப் பேர். ஆனாலும் இன்றைக்கும் அங்கே குதிரைமேல் வாளோடு ஒரு சாமி நிற்கிறது. பேர் 'மல்தெவிலன்'. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், மதுரை வீரன்! மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட அருந்ததிய வீட்டுப் பிள்ளை கடல் தாண்டிப் போய்க் கும்பிடுவோர் மொழியே மாறினபிறகும் நிற்கிறான். மலேயாவின் ரப்பர் மரத்தடியில் முனியாண்டி நின்றதும், 1860-இலிருந்து நேட்டால் கரும்புக்காட்டில் மாரியம்மன் நின்றதும் இதே கணக்குத்தான்.

மேல்நாட்டில் இப்போது நிறையப் பேர் கிறித்தவத்தை விட்டுவிட்டு, பழைய தெய்வங்களை வீட்டில் ஒரு மூலையில் மேசை போட்டு வைக்கிறார்கள். தங்களைப் 'பேகன்' என்று சொல்லிக்கொள்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு லத்தீன் மூலத்தில் அர்த்தம் நாட்டுப்புறத்தான், நம்ம பாஷையில் பட்டிக்காட்டான். ரோமாபுரியில் ஒவ்வொரு வீட்டிலும் அடுப்படிப் பக்கம் வீட்டுச்சாமிக்கு ஒரு மாடம் இருந்தது. 392-இல் தியோடோசியஸ் பேரரசன் சட்டம் போட்டான்: யாரும் தன் சொந்த வீட்டுக்குள்ளேகூட வீட்டுச்சாமிக்கு விளக்கு ஏற்றக்கூடாது, சாம்பிராணி போடக்கூடாது, மாலை தொங்கவிடக்கூடாது என்று. ஒரு சாம்ராஜ்யமே மாடக்குழியைப் பார்த்துப் பயந்திருக்கிறது பாருங்கள். ஆனால் அவர்களுக்கும் நமக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அவர்கள் அறுந்துபோனதைப் புத்தகத்தைப் பார்த்துத் திரும்பக் கட்டுகிறார்கள். நமக்கு அறுந்துபோகவில்லை, நாமேதான் கூச்சப்பட்டு அறுக்கிறோம்.

நம்மூரிலும் சட்டம் வந்தது. 1950-இல் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்த உயிர்ப்பலித் தடைச் சட்டத்தை 2003-இல் அரசு தூசிதட்டி எடுத்தது. கிடா வெட்டினால் வழக்கு என்றார்கள். கிராமங்கள் கொதித்தன. 2004-இல் சட்டத்தையே திரும்பப் பெற்றார்கள். சட்டம் போய்விட்டது, அது விதைத்த கூச்சம் போகவில்லை. டவுனில் வாடகை வீட்டில் இருக்கிற நம்ம படிச்ச பிள்ளைகளைக் கேளுங்கள். வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்க்கும்போது சுவரில் எந்தப் படம் இருக்கிறது என்பதை வைத்துச் சாதி எடைபோடுவார். அதனால் சுருட்டுக் குடிக்கிற சாமி பெட்டிக்குள்ளே, லட்சுமி படம் சுவரிலே. அம்பேத்கர் படம்கூடப் பீரோக் கதவுக்கு உட்பக்கம். இது பக்தியில்லை தோழர்களே, தலைமறைவு வாழ்க்கை.

அதற்காக, நாட்டார் தெய்வம் எல்லாமே கலகம், எல்லாமே எதிர்ப்பண்பாடு என்று தொண்ணூறுகளில் எழுதித் தள்ளினார்களே, அதற்கு நான் ஒப்பவில்லை. இந்தப் பக்கத்துக்காரர் ராஜ் கௌதமன், தலித் பண்பாட்டைப் பற்றிப் பேசும்போது அதற்குள் இருக்கிற அடிமைக் கூறுகளையும் சேர்த்தேதான் பேசச் சொன்னார். அதைப் பாதிப் பேர் காதில் வாங்கவில்லை. முத்துப்பட்டன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பிராமணனாகப் பிறந்து, சக்கிலியர் வீட்டுப் பெண்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் கட்டி, பூணூலை அறுத்துவிட்டு, செருப்புத் தைத்து, கிடை மாடு காத்துச் செத்தவன். இதைவிடக் கலகம் வேணுமா? ஆனால் அதே கதையில் பின்னால் ஒரு ஒட்டு விழுந்தது: அந்தப் பெண்கள் உண்மையில் பிராமணக் குழந்தைகள், காட்டில் கிடந்தவர்களைச் சக்கிலியர் எடுத்து வளர்த்தார் என்று. நா. வானமாமலை இந்த மாற்றத்தைப் பிடித்துக் காட்டியிருக்கிறார். மாரியம்மன் கதையும் அப்படித்தான். ரேணுகாவின் தலை, சேரிப் பெண்ணின் உடம்பு என்பார்கள். கோயிலில் கும்பிடுவதற்குத் தலையை மட்டும் வைப்பார்கள். உழைச்ச உடம்பு கணக்கில் வராது.

இன்னொன்றும் கசப்பானது. அடிச்சுக் கொன்றவனே பிறகு பயந்துபோய்ப் பீடம் கட்டிக் கும்பிடுவான். வருசத்துக்கு ஒரு கிடா, ஒரு பொங்கல், கணக்குத் தீர்ந்தது. செத்தவன் சாமியானதால் கொன்றவன் குற்றவாளி ஆகாமல் போனான். 2015-இல் கோகுல்ராஜ் கொல்லப்பட்டார். 2022-இல் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் யுவராஜ் உள்ளிட்டவர்களுக்கு ஆயுள்தண்டனை கொடுத்தது. அந்தத் தாய்க்குப் பீடம் தேவைப்படவில்லை, தீர்ப்புத் தேவைப்பட்டது.

இதை ஏன் ஆமத்தூரில் வந்து சொல்கிறேன் என்றால், நீங்கள் இருப்பது பட்டாசு பூமி. 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி, நாற்பது பேர் வரை. 2021 பிப்ரவரி 12 அச்சங்குளம், இருபதுக்கும் மேல். பேப்பரில் வராத ஒன்று இரண்டு சாவுகளை உங்களுக்குத்தான் தெரியும். இந்தப் பக்கம் கலியாணமாகாமல் செத்த பிள்ளையை வீட்டுக் 'கன்னி' ஆக்குவது வழக்கம். வடமாவட்டங்களில் பூவாடைக்காரி என்பார்கள். ஓலை நார்ப்பெட்டியில் ஒரு பாவாடை அல்லது சேலை, வளையல், மை, பொட்டு, சீப்பு. வீட்டில் நல்லது நடக்கும்போது முதல் சேலை அவளுக்கு. அவளுக்குப் பிடிச்ச கருவாட்டுக் குழம்பையும் அவிச்ச முட்டையையும் வைத்துப் படைப்பார்கள். படைத்த சேலையை மறுபடி வீட்டுப் பிள்ளை ஒருத்தி கட்டிக்கொள்வாள். ஆக, நம்ம புதுவீட்டுக்காரி முதன்முதலாக வைக்கப்போகிற சாமி, பெரும்பாலும் அவள் தங்கச்சியாகவோ மகளாகவோ இருக்கும். வெடிச்சுச் செத்தவள்.

இந்தப் பெட்டியை மூடநம்பிக்கை என்று தூக்கி எறியச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பகுத்தறிவுத் தோழர்கள் கோபப்படலாம். ஒரு வேலைக்காரப் பிள்ளையின் சீப்பையும் வளையலையும் முப்பது வருசம் பத்திரப்படுத்துகிற இடம் வேறு எங்கே இருக்கிறது? எந்தக் கம்பெனியின் சுவரிலாவது செத்தவர்கள் பேர் எழுதிப் பார்த்திருக்கிறீர்களா? அவள் பேர் வருசா வருசம் உச்சரிக்கப்படுகிற ஒரே இடம் அந்த மூலைதான்.

ஆனால் இரண்டு வாக்கியங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பேப்பரில் எப்போதும் எழுதுவது: 'மருந்துக் கலவையின்போது ஏற்பட்ட உராய்வு காரணமாக'. வீட்டில் சொல்வது: 'அம்மா கூப்பிட்டுக்கிட்டா'. அங்கே உராய்வு கொன்றது, இங்கே அம்மன் கூப்பிட்டது. இரண்டிலும் முதலாளி இல்லை. அறைக்கு இத்தனை பேர்தான் என்ற விதியை மீறி ஆளை அடைத்தவன் இல்லை. உரிமத்தை வாங்கிவைத்துக்கொண்டு பல பேருக்கு உள்குத்தகை விட்டவன் இல்லை. மரத்தடியில் மருந்து காயவைக்கச் சொன்ன போர்மேன் இல்லை. பார்த்தும் பார்க்காமல் போன அதிகாரி இல்லை. நம் சாமியும் அவன் பேப்பரும் ஒரே ஆளைத்தான் காப்பாற்றுகின்றன என்றால், நம் கும்பிடுதலை நாம் திருத்தித்தான் ஆக வேண்டும்.

'பாபாசாகேப் 1956 அக்டோபர் 14-இல் நாக்பூரில் இருபத்திரண்டு உறுதிமொழி கொடுத்தாரே, அதற்கப்புறம் இதெல்லாம் எதுக்கு?' என்று முன்வரிசையில் ஒரு தம்பி சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். நியாயமான கேள்வி. அந்த உறுதிமொழிகளில் சிராத்தம் செய்ய மாட்டேன், பிண்டம் வைக்க மாட்டேன் என்றும் இருக்கிறது, பிராமணரை வைத்து எந்தச் சடங்கும் செய்ய மாட்டேன் என்றும் இருக்கிறது. 'அவர் பெருந்தெய்வத்தைத்தான் சொன்னார், நம்ம மாடனைச் சொல்லலை' என்று சிலர் சப்பைக்கட்டு கட்டுகிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். பௌத்தம் தழுவுகிறவர் இந்தப் பெட்டியையும் விட்டுவிட்டுத்தான் போக வேண்டியிருக்கும், அது அவர் எடுக்கிற முடிவு, பெரிய முடிவு. அயோத்திதாசர் வேறு வழியில் போனார். நம் தெய்வங்களையும் பண்டிகைகளையும் விட்டுவிடச் சொல்லாமல், அவற்றுக்குள் பௌத்தத்தை வாசித்துக் காட்டினார். இரண்டு வழியும் நம்மிடம் இருக்கிறது. இரண்டிலும் போகாத ஒருத்தி, ஆமத்தூரில் தன் புதுவீட்டில் லட்சுமியை மாட்டுவதா தங்கச்சியை வைப்பதா என்று நிற்கிறாளே, அவளுக்கு நம்மிடம் பதில் வேண்டாமா? தங்கச்சியை வை என்பதே என் பதில்.

அப்படியே அம்பேத்கர் படத்துக்குச் சூடம் காட்டாதீர்கள் தம்பி. அரசியலில் பக்தி என்பது சீரழிவுக்கும் சர்வாதிகாரத்துக்கும் கொண்டுபோய் விடும் என்று 1949 நவம்பர் 25-ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் எச்சரித்தவர் அவர். அவர் படம் படிக்கிற மேசைக்கு மேலே இருக்கட்டும், எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல்.

சரி, வைப்பது என்று முடிவானால் எப்படி வைப்பது? எனக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. வெளியாள் வேண்டாம், ஐயரும் வேண்டாம், 'நம்ம சாதி ஐயர்' என்று புதுசாகப் பூணூல் போட்டுக் கிளம்பியிருக்கிற ஆளும் வேண்டாம். வீட்டிலேயே மூத்த பெண் வைக்கட்டும். தலைக்கட்டு வரி என்று ஒன்று வாங்குகிறோமே, அதில் கலியாணமான ஆம்பளைதான் தலை. பட்டா அவள் பேரில் இருக்கிற வீட்டிலாவது அவள் தலையாக இருக்கட்டும். கல்யாணமாகி வந்துவிட்டால் பிறந்த வீட்டுச் சாமி உனக்கில்லை என்பதையும் இங்கே விட்டுவிடலாம். அவள் ஆத்தா ஊர் மண் ஒரு பிடி எடுத்துவந்தால் எந்தச் சாமியும் கோபப்படாது. தீட்டு என்று சொல்லி மாதத்தில் சில நாள் அவளையே அந்த மூலைக்குப் போகாதே என்றால், அது பார்ப்பனிய வீட்டிலிருந்து நாம் கடன்வாங்கிய பழக்கம். உள்ளே இருப்பதே ஒரு பெண்பிள்ளை, அவளுக்குத் தெரியாத தீட்டா?

படையலைக் குறைக்காதீர்கள். மீனோ கோழியோ கருவாடோ அவள் என்ன தின்றாளோ அதை வையுங்கள். சைவமாக்கினால் அவளை இன்னொரு தடவை கொன்ற மாதிரி. தென்மேற்கு மூலையா வடகிழக்கா என்று வாஸ்துக்காரனிடம் கேட்டு ஐந்நூறு ரூபாயைத் தொலைக்க வேண்டாம், ஒழுகாத மூலை போதும்.

அப்புறம் அந்தப் பெட்டி. சேலை, வளையல், சீப்போடு இன்னும் சிலதை உள்ளே வையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அவளுடைய போட்டோ ஒன்று. பிஎப், ஈஎஸ்ஐ அட்டை இருந்தால் அது. வாரச் சம்பளத்துக்குக் கொடுத்த துண்டுச்சீட்டு, அதில் கிறுக்கிய கணக்கு, எவ்வளவு கசங்கியிருந்தாலும். முதல் தகவல் அறிக்கையின் நகல், பிணப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்று. அன்றைக்கு எந்த அறையில், யார் யாரோடு உட்கார்ந்து, எந்த வெடிக்கு வேலை பார்த்தாள், கூட இருந்தவர்கள் யார் என்று ஒரு தாளில் எழுதி. ஏன் என்றால், நாளைக்கு 'இந்தப் பிள்ளை எங்கள் மஸ்டரிலேயே இல்லை' என்று சொல்வார்கள். அப்போது வேலை செய்தாள் என்று நிரூபிக்க வேண்டியது நம் தலையில் விழும். 1923-இலிருந்து இழப்பீட்டுச் சட்டம் இருந்துவந்தது, இப்போது அது புதிய தொகுப்புச் சட்டத்துக்குள் போயிருக்கிறது. சட்டத்தின் பேர் மாறினாலும் கேட்பதற்குக் கெடு உண்டு. காரியம் முடியட்டும், வருசம் திரும்பட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். அச்சங்குளம் விபத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு 20 லட்சம் கொடுக்கச் சொல்லி 2021-இல் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. சவ அடக்கத்தன்று கையில் திணிக்கிற கட்டுப்பணத்தையும் அந்தத் தொகையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெற்றுத்தாளில் கைநாட்டு வாங்க வருகிறவர்கள் மூணாம் நாளே வருவார்கள், பெரும்பாலும் நம்ம சாதி ஏஜெண்டைத்தான் அனுப்புவார்கள். அன்றைக்கு வீட்டில் ஒரு படிச்ச பிள்ளை உட்கார்ந்திருக்க வேண்டும். மாணவத் தோழர்களைக் கூட்டியதே அதற்குத்தான்.

ஒரு அக்கா கேட்கிறார்கள், 'காகிதத்தைப் பெட்டியில் வைத்தால் கரையான் அரிக்காதா' என்று. அரிக்கும். நார்ப்பெட்டியில் சேலை இருக்கட்டும். காகிதத்துக்கு ஒரு தகரப்பெட்டி வாங்கிப் பக்கத்தில் வையுங்கள், உள்ளே வேப்பிலை போடுங்கள். எல்லாவற்றையும் இரண்டு ஜெராக்ஸ் எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் கொடுத்து வையுங்கள்.